வெளிச்சமில்லாத சூடு

ஏசி மெக்கானிக் சரவணகுமார் மாடியிலிருந்து கூப்பிட்ட குரலிலேயே ஏதோ ஒரு தொல்லை இருந்தது.

"சார், கொஞ்சம் மேல வர்றீங்களா? ஏசிய கழட்டினா பின்னாடி கூடு. மூணு மைனாக் குஞ்சு சார்."

விடுதி மேலாளர் ஜினேந்திரன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் மாலைக்குள் விடுதியை நிறைத்துவிடும். முந்திய மாதத்துக் கூட்டத்தின் அலுப்பே அவருடைய முழங்காலை விட்டு இன்னும் இறங்கவில்லை.

சுவர் ஓட்டையில் வைக்கோல், சணல் நூல், யாரோ ஒரு பக்தருடைய துண்டின் கிழிசல். நடுவே இறகு முளைக்காத மூன்று உடல்கள்.

"வெளிய வெச்சிடவா சார்? பூன பாத்துக்கும்."

"பூன பாத்துக்கும்னா என்னய்யா அர்த்தம்? குடு இங்க."

ஜினேந்திரன் சமணக் குடும்பத்தவர். வடிகட்டாத நீரைக் குடித்தறியாதவர். பொழுது சாய்ந்தபின் உணவில் கை வைக்காதவர். ஓர் உயிரைப் பூனையின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கீழே போய் அறைச் சாவி எடுத்துக் கொடுக்க அவரால் இயலாது. கூட்டை அட்டைப்பெட்டியில் ஏந்தி ஜன்னலுக்கு மேல் வைத்துப் பார்த்தார். பெற்ற மைனாக்கள் இரண்டும் கேபிள் ஒயரில் அமர்ந்து கத்தின. துளைபோடும் இயந்திரம் அலறியதும் பறந்தன. வேலை முடிந்து நெடுநேரமாகியும் அவை திரும்பவில்லை.

பெட்டி வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த சிறிய அறைக்கு வந்து சேர்ந்தது. அதன்மேல் மேசை விளக்கைச் சாய்த்து வைத்துவிட்டு, வேண்டிய சூடு கிடைத்துவிடும் என்று நம்பிப் போனார். மீண்டும் வந்து பார்த்தபோது குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒடுங்கிக் கிடந்தன. தொட்டால் கல்லைத் தொட்டதுபோல் ஜில்லென்றிருந்தது. உணவைக் காட்டினாலும் வாய் திறக்கவில்லை. விளக்கைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: அது எல்இடி. கண்ணைக் கூசவைக்குமே தவிர ஒரு கொசுவைக்கூடச் சூடாக்காது.

ஸ்டோர் ரூமில் தேடி ஒரு பழைய குண்டு பல்பைக் கண்டுபிடித்தார். அதன் மஞ்சள் வெளிச்சத்தில் குஞ்சுகள் மெல்ல மெல்லப் பிரிந்து படுத்தன. ஒன்று கழுத்தை நீட்டி, உடம்பையே விழுங்கிவிடும் அளவுக்கு வாயைத் திறந்தது. ஜினேந்திரன் கடலைமாவைப் பிசைந்து உருட்டி ஊட்டினார். பகல் முழுவதும் இருந்த களைப்பு அந்த ஒரு விழுங்கலில் சற்றே குறைந்தது.

விடுதியின் பின்கட்டில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். மனைவி தர்மதேவி அவருக்கு மாலைச் சாப்பாட்டைக் கொண்டுவந்தவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பூச்சி தின்ற வாய்க்கு கடலமாவா? நல்ல மாமியார் வீடுதான் கெடச்சிருக்கு அதுங்களுக்கு."

"நீ வேணா பூச்சி புடிச்சிக் குடேன்."

"ஐயோ, நான் மாட்டேம்பா." அவள் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில் வானம் இருண்டு ஒரு மழை கொட்டி ஓய்ந்தது. ஈர மண்ணிலிருந்து ஈசல்கள் கிளம்பின. இருட்டிக் கிடந்த அந்த அறையில் எரிந்ததோ ஒரே ஒரு பல்பு. ஜன்னல் வழியே கூட்டம் கூட்டமாய் வந்து அதில் மோதிச் சிறகு கருகி விழுந்தன. குஞ்சுகளுக்கு அது விருந்தாக இருந்திருக்கலாம். ஜினேந்திரனுக்கோ ஒவ்வொரு 'சட்' ஓசையும் நெஞ்சில் விழுந்தது. பல்பை அணைத்தால் குஞ்சுகள் குளிரில் போகும். எரியவிட்டால் ஈசல்கள் நெருப்பில் போகும். அவர் விடுதிக் கம்பளி ஒன்றை எடுத்தார். பெட்டியையும் பல்பையும் சேர்த்துப் போர்த்தி, ஒரு கீற்று வெளிச்சமும் கசியாதபடி நாற்புறமும் செருகினார். ஈசல்கள் வழிதெரியாமல் திரும்பின. இரு தரப்பையும் காப்பாற்றிவிட்ட நிறைவோடு அவர் மேசைக்குப் போனார்.

மேசையில் மனிதக் கூட்டம். "ஹாட் வாட்டர் வருமா சார்?", "மலை தெரியற ரூமா குடுங்க", "ஆதார் ஜெராக்ஸ் இருந்தா போதும்ல?" பதில் சொல்லிச் சொல்லி நாக்கு உலர்ந்தது.

பொழுது சாயும் நேரம். குஞ்சுகளுக்கும் இருட்டுவதற்குள் ஊட்டிவிட வேண்டும் என்று விரைந்து வந்து கம்பளியை விலக்கினார். மூன்றும் மூன்று மூலையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"அடடா, பசியா? இதோ, இதோ."

மாவு உருண்டையை ஒன்றின் வாயில் வைத்தார். அது விழுங்கவில்லை. இன்னொன்றுக்கு வைத்தார். அதுவும் விழுங்கவில்லை. நீதிக்கதையாக இருந்திருந்தால் அந்தக் குஞ்சு, 'ஐயா, இது பசியல்ல, வெக்கை' என்று சொல்லியிருக்கும். இது விடுதி, இங்கே பறவைகள் பேசுவதில்லை. மூன்றாவதைத் தூக்கக் கையை உள்ளே விட்டார். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் ஆவி மணிக்கட்டில் அடித்தது. கையில் வந்த குஞ்சின் கழுத்து தொங்கியது.

"தர்மா!"

அவள் ஓடிவந்தாள். ஒரு பார்வையிலேயே கம்பளியை உருவி எறிந்து, பல்பை அணைத்து, பெட்டியை ஜன்னலோரம் இழுத்தாள். மற்ற இரண்டின் வாயிலிருந்த மாவைச் சுண்டுவிரலால் வழித்தாள்.

"ஈசலு... பல்புல வந்து வந்து விழுந்துச்சி. அத காப்பாத்தலாம்னு..."

"ஒக்காருங்க மொதல்ல."

"நான் போத்தினதுதான் தர்மா. ஏசிக்காரன் பூனகிட்ட விடச் சொன்னான்னு அவன பேசினேன்."

"தெரிஞ்சா செஞ்சீங்க? மீதி ரெண்டு மூச்சு வாங்குது, அத பாருங்க."

பார்த்தார். குஞ்சுகளின் விரிந்து கிடந்த மொட்டைச் சிறகுகள் மெல்ல உடம்போடு ஒட்டின. ஒன்று வாயை மூடியது. வெகுநேரம் கழித்து மற்றதும் மூடியது. ஆனால் மழைக்காற்று சில்லிட்டிருந்தது. சற்றைக்கெல்லாம் இரண்டும் நெருங்கி நடுங்கத் தொடங்கின.

ஜினேந்திரனின் கை பல்பு ஸ்விட்ச் வரை போய் நின்றது.

"அது வேணாம்," என்றாள் தர்மதேவி. "வெளிச்சந்தான தொல்ல? சூடு மட்டும் குடுத்தா போச்சி. வெந்நி வெச்சி பாட்டில்ல ஊத்தி, துணி சுத்தி ஒரு பக்கமா வைங்க. ஜாஸ்தியானா அதுங்களே இந்தப் பக்கம் நவுந்துக்கும்."

"ஆறிடுமே?"

"ஆறத்தான் செய்யும். ஆற ஆற மாத்தணும்."

அவர் பெருமூச்சு விட்டார். அன்றைய உறக்கம் எங்கே போகும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. செத்த குஞ்சை எடுத்துப்போய்க் கொல்லைப்புற அரளிச் செடியின் அடியில் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, துணி சுற்றிய பாட்டிலை முழங்கையில் வைத்துச் சூடு பார்த்து, பெட்டியின் ஓரமாகச் சாய்த்தார். குஞ்சுகளும் இருட்டியபின் உண்பதில்லை. அந்த ஒன்றில் அவருக்கும் அவற்றுக்கும் ஒத்துப்போயிற்று. மேசைக்கும் அடுப்புக்குமாக இருவரும் மாறி மாறி நடந்தார்கள்.

விடிந்தபோது மலை சுற்றி வந்தவர்கள் வீங்கிய பாதங்களோடு தள்ளாடிப் படியேறிக்கொண்டிருந்தார்கள். ஜினேந்திரன் நாற்காலியில் சரிந்து கிடந்தார்.

"இன்னும் எத்தினி நாளைக்குங்க இது?" தர்மதேவி கண்ணைக் கசக்கினாள்.

"ரெக்க மொளைக்கிற வரைக்கும்."

"அதுக்கா, நமக்கா?"

பெட்டிக்குள் ஒரு குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது. மாவுக் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. புறங்கையைக் குஞ்சின் வயிற்றில் வைத்து, அலுத்த கண்களை மூடிக்கொண்டு, வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"சூடு சரியா இருக்கு தர்மா," என்றார் கடைசியில். "பசிதான்."