மலைக்குப் போனவள்

காப்பீட்டு நிறுவனத்தின் குன்னூர் கிளைக்குத் தலைமையகம் ஒரு குரலை அனுப்பியிருந்தது. வேலையில் அடிபட்ட தொழிலாளி நடந்ததைப் போனில் சொன்னால் போதும். அந்த இயந்திரம் கேட்டுக்கொண்டு, அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடும். தோழி என்று பெயர். பெயர் வைப்பதில் மட்டும் தலைமையகத்துக்குக் குறையே கிடையாது. கிளையில் கோரிக்கைகளைப் பார்த்துவந்த ராஜப்ரியாவுக்கு மிஞ்சியது, தோழியின் தீர்ப்புக்கு ஒப்புதல் பட்டனை அழுத்தும் வேலைதான்.

அன்று காலை பொன்னுத்துரை மழையில் நனைந்தபடி வந்தார். சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அவருக்கு ஃபேக்டரி வேலை. மனைவி வாசுகி அங்கேயே கொழுந்து பறிப்பவள். வழுக்கி விழுந்து கணுக்கால் நொறுங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காப்பீட்டு அனுமதி வந்தால்தான் ஆபரேஷன். தோழி அனுமதி மறுத்துவிட்டது.

"கால் கோணலாக் கூடிருமாம் மேடம். டாக்டர் நேத்தும் சொன்னாரு."

ராஜப்ரியா கணினியில் தேடினாள். 'வேலை நேரத்தில் நடந்ததல்ல. மலையேறப் போன இடத்தில் விபத்து.' கீழே அவளே அழுத்திய ஒப்புதல்.

"ஏனுங்கண்ணா, அவங்க எதுக்குங்க மலைக்குப் போனாங்க?"

பொன்னுத்துரை விழித்தார். "மலைக்குப் போகாம வேற எங்க போறது?"

"வேலைய உட்டுப்போட்டுங்களா?"

"அதான் மேடம் வேலை! காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல பேரு குடுத்துட்டு, கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குப் போனா. கொழுந்து எடுக்குற இடந்தான் மலை. எங்கப்பா சிலோன்லருந்து வந்த காலத்துலருந்து எங்களுக்கு அதான் பேச்சு."

ராஜப்ரியாவின் முகம் சுண்டிப்போனது. குன்னூரிலேயே பிறந்து வளர்ந்தவள். மலை என்றால் சன்னல் வழியே தெரிவது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

திருத்தப் பார்த்தாள். அழுத்திய ஒப்புதலைத் திரும்பப் பெறக் கிளைக்கு உரிமையில்லை என்றது திரை. தலைமையகத்துக்குப் போன் போட்டாள், எழுதினாள், மறுபடியும் போன் போட்டாள். அந்தச் சொல்லைத் தோழிக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கெஞ்சினாள். அடுத்த அப்டேட்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

தலைமையகம் இழுத்தடித்து வாசுகிக்கு மட்டும் அனுமதி கொடுத்தபோது எலும்பு தன்போக்கில் கூடத் தொடங்கியிருந்தது. மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். கால் சேர்ந்தது, நேராகச் சேரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் உடல்நிலை விசாரிக்கத் தோழியே வாசுகியை அழைத்தது. ராஜப்ரியா இப்போதெல்லாம் முழுப் பதிவையும் கேட்காமல் பட்டனைத் தொடுவதில்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

"இப்போது எப்படி இருக்கிறீர்கள்?"

"சுவத்தப் புடிச்சுக்கிட்டு நடக்குறேன்மா." வாசுகி இயந்திரத்தையும் அம்மா என்றுதான் அழைத்தாள். குரல் உடைந்தது. "இனிமே என்னால மலைக்குப் போக முடியாதும்மா."

தோழி கனிவாகச் சொன்னது: "மலையேற்றத்தைத் தவிர்ப்பது நல்லது. நீங்கள் நாளை முதல் வேலைக்குச் செல்லலாம்."



"சரிம்மா," என்றாள் வாசுகி.

ராஜப்ரியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. திரையில் ஒப்புதல் பட்டன் இருந்தது. மறுப்பதற்கும் ஒரு பட்டன் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.