சூடத்துக்கு முன்னால் அழகையா கங்காணி

...சாமிக்கும் பயமில்லை, கண்டிக் கோர்ட்டுக்கும் பயமில்லை, பிறகு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று அழகையா கங்காணி மனசுக்குள் இன்னொரு தரம் பொருமினார், முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலையே அமுக்கிவிட்டார்களே, கோப்பித் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கக் கடல் தாண்டி வந்தபோது புத்தியைக் கடலிலேயே போட்டுவிட்டார்களா... அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை லயத்து வரிசைவீட்டுச் சனம் முழுக்க முனியாண்டி கல்லுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது, பூசாரி ஏற்றிவைத்த சூடத்தைக் கையால் அணைத்து ஒவ்வொருவரும் சத்தியம் செய்ய வேண்டும், பொய் சொன்ன கை விளங்காது, ஏற்பாடு அவருடையது, வாசகமும் அவருடையது, "எடுக்கல" என்றால் மட்டும் போதாது என்று "எடுக்கல, திங்கல, தின்னவங்களயும் தெரியாது" என்று நீட்டியதும் அவரேதான். அந்த வீரையாவின் முழியைப் பார், போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஏப்பம் விட்டுக்கொண்டு போனானே, அரிசி வண்டி மடுல்கெல்லைப் பாதையில் சகதிக்குள் புதைந்து கிடந்த வாரம் அது, லயத்தில் எல்லாரும் ஒட்டிய வயிறோடு கிடந்தபோது இவன் எதைத் தின்று ஏப்பம் விட்டான்... அவர்கூட அன்றைக்கு... அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டார்?

கோழிக்குழம்பு. பாப்பம்மா வைத்தது, இரண்டு காலும் அவர் தட்டில்தான் விழுந்தன, ஏது கோழி என்று பெண்டாட்டியைக் கேட்டாரா, இல்லை, இன்னும் கொஞ்சம் ஊத்து என்றுதான் கேட்டார். அதோ பெண்கள் வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் பாவி. இப்போது அணைத்தால் கை போகும், அணைக்காவிட்டால் கங்காணி என்ற பேர் போகும், எது போனால் பரவாயில்லை? 'எடுக்கல' சரி, 'திங்கல'தான் இடிக்கிறது, எந்த மடையன் அதைச் சேர்த்தான்?

"மொதல்ல நீங்கதானே கங்காணி" என்றான் வீரையா, பணிவாகத்தான். பிறகு காதோரம் குனிந்து, "ஒரு சேவல பதினாறு வூட்டுக்குப் பங்கு வச்சா எங்களுக்கு வெறும் சாறுதான். இருந்தாலும் அக்கா கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்றான்.

பதினாறு வீடு... அப்படியென்றால் அத்தனை பேருக்கும் தெரியும், எட்டு நாளாக அவர் கத்தின கத்தலில் ஒருவராவது பாப்பம்மாவைக் காட்டிக்கொடுத்தார்களா, இதற்குப் பேர் திருட்டா ஒழுக்கமா, யாரிடம் கேட்பது, பூசாரியிடமா, அவரும் அந்தப் பதினாறில் ஒரு வீடுதானே. சூடம் யார் கையும் படாமல் எரிந்து அடங்கியது. பூசாரி இன்னொரு கட்டி எடுக்கவில்லை. எல்லாரும் கங்காணியையே பார்த்தார்கள், அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்... இரண்டு காலையும் தனக்கென்று எடுத்து வைத்தார்களே, விஷயத்தைத் தன்னிடம் மட்டும் சொல்ல ஒருவருக்கும் ஏன் வாய் வரவில்லை?