தடுப்புக்கு இந்தப் பக்கம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் சென்னிமலை இருபது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தார். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு முருகன் படம். வாசலை ஒட்டி லாரிகள் நின்று லோடு ஏற்றும். அவை விடும் புகை நேராக உள்ளே வரும். பகல் முழுக்க அதில் உட்கார்ந்துதான் அவர் பில் எழுதினார். ஐம்பதைத் தொடும் முன்பே மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. படுத்தால் இழுப்பு. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி இந்தப் புகையில் இருக்கக் கூடாது, டவுனை விட்டுப் போய்விடுங்கள் என்றார்.

எங்கே போவது என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு மாதம் பேச்சு நடந்தது. சௌந்திரத்துக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். அங்கே போகலாம் என்றாள். "மச்சானுக ஊட்டு வாசல்ல போயி நான் உக்காரமாட்டேன்" என்று சென்னிமலை சொல்லிவிட்டார். கடைசியில் அவள் தன் பங்கு நிலத்தைத் தம்பிக்கே விற்று, அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டின்மேல் இருந்த ஓட்டு வீடு ஒன்றை வாங்கினாள். முன்னால் ஒரு புங்கமரம். பின்பக்கம் கடலைக்காடு, அதற்கப்பால் கரடு என்கிற சின்னப் பாறைக்குன்று. ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போகும்தான், ஆனால் போய்விடும். எதுவும் அங்கே நிற்காது.

முதல் வருஷம் நன்றாகவே இருந்தது. காலையில் அவர் காட்டு வழியாகக் கரடு வரைக்கும் நடந்து போய்விட்டு வருவார். இழுப்பு குறைந்தது. மாத்திரையைக்கூட டாக்டர் குறைத்தார். ஆனால் பேச்சும் குறைந்துபோயிற்று. ஆபீஸில் நாள் முழுக்க ஐம்பது டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்த மனுஷர், இங்கே சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கிடந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெரிந்த வண்டி போனால் எழுந்து உட்காருவார். வண்டி போனதும் படுத்துக்கொள்வார்.

எண்பத்தைந்தாம் வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் அந்த உத்தரவு வந்தது. டவுனுக்குள் டீசல் புகை தாங்க முடியவில்லை, பகலில் லாரிகளை மொத்தமாக உள்ளே விடக் கூடாது, ஊர் எல்லையில் நிறுத்தி, உள்ளே போனது வெளியே வரவர, கொஞ்சங்கொஞ்சமாக விட வேண்டும் என்று. பேப்பரில் அதைப் படித்தபோது சௌந்திரத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இப்பவாச்சும் இவங்களுக்குத் தோணுச்சே" என்றாள். "பத்து வருஷத்துக்கு முன்னால தோணியிருந்தா உங்க நெஞ்சு இப்படி ஆயிருக்காதுங்க."

ஊர் எல்லை என்று அவர்கள் வைத்த இடம் அவள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு நாள் காலையில் தார் டிரம்கள் இரண்டை உருட்டி வந்து வைத்தார்கள். குறுக்கே ஒரு மூங்கில். சென்றாயன் என்ற போலீஸ்காரர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மதியத்துக்குள் லாரி வரிசை புங்கமரத்தைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, கிழக்கே வளைவு வரைக்கும் நீண்டுவிட்டது.

வரிசை நின்றபடி நிற்கவில்லை. கால் மணிக்கு ஒரு தரம் ஒரு வண்டி நீளம் நகரும். அதனால் யாரும் என்ஜினை அணைப்பதில்லை. நகரும்போதெல்லாம் ஒவ்வொரு வண்டியும் உறுமிக் கருப்பாகப் புகையைக் கக்கும். வாசல் தெளித்துப் போட்ட கோலம் பத்து மணிக்கு மங்கிவிடும். துவைத்துக் காயப்போட்ட வேட்டியை மடிக்கும்போது விரல் கருப்பாகும். சௌந்திரம் ஜன்னல் இடுக்குகளில் பழந்துணியைத் திணித்தாள். உள்ளே வெக்கை தாங்காமல் மறுபடி எடுத்தாள்.

அவளுக்குப் புரியாத ஒன்று, இதெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. வரிசையில் பாதிப்பேர் அவருக்குத் தெரிந்த நாமக்கல், திருச்செங்கோட்டு டிரைவர்கள். "ஏனுங்கண்ணா, நீங்க இங்கீங்களா இருக்கறீங்க?" என்று இறங்கி வந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊரில் லோடு கிடைக்கிறது, யார் புதிதாக வண்டி எடுத்தார்கள், யாருக்குப் பெண் பிறந்தது என்று பேசினார்கள். அவர் இருமிக்கொண்டே சிரித்தார். கரட்டுக்கு நடப்பதை விட்டுவிட்டார். காலையில் முகம் கழுவினதும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

"உள்ள வாங்க" என்றாள் அவள்.

"உள்ள வந்து செவுத்தையா பாக்கறது?"

"மறுபடி இழுப்பு வருதுங்க. ராத்திரியெல்லாம் நீங்க உக்காந்தே இருந்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வந்தா வருது புள்ள. நாலு மனுசங்க மூஞ்சியப் பாக்கறனே."

அவரிடம் பேசிப் பயனில்லை என்று அவள் டிரைவர்களிடம் போனாள். வரிசை ஓரமாக நடந்து, ஒவ்வொரு வண்டியின் கதவையும் தட்டினாள். "எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சு ஆகாதுங்க. நிக்கற நேரத்துல என்ஜினைக் கொஞ்சம் அமத்தி வெய்யுங்க." யாரும் எரிந்து விழவில்லை. சிலர் அணைத்தார்கள். திருச்செங்கோட்டுக்காரன் ராசு மட்டும் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, செல்ஃப் வேலை செய்யறதில்லீங்க. அமத்தினா தள்ளித்தான் எடுக்கோணும்."

"கொஞ்ச நேரந்தானப்பா."

அண்ணன் வீடாயிற்றே என்று அவன் அணைத்தான். அன்றைக்கென்று மூங்கில் சீக்கிரம் தூக்கப்பட்டது. முன்னால் இருந்தவை போய்விட்டன. ராசுவின் வண்டி கிழங்குமாவு மூட்டைகளோடு அசையாமல் நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். கிளீனரும் இரண்டு டிரைவர்களும் இறங்கி வந்து தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. சௌந்திரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நம்மால் வந்தது என்று தோன்றியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அவளும் பின்பலகையில் கையை வைத்தாள். எல்லாருமாகச் சேர்ந்து தள்ளியபோது சக்கரம் உருண்டது. என்ஜின் பிடித்துக்கொண்டது. பிடித்த வேகத்தில் அது விட்ட புகையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் முகம்கூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து முகத்தைத் துடைத்தபோது துண்டு கருத்திருந்தது. அதன் பிறகு அவள் யாரையும் அணைக்கச் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தில் சேர்ந்து போய்ச் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுப் பெருமாயி அதற்குள் ரோட்டோரம் ஓலை போட்டு டீக்கடை வைத்திருந்தாள். அதற்கடுத்து ஒரு பஞ்சர் கடை. எதிரில் ஒருவர் சாப்பாட்டுக் கடைக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றது ஞாயந்தான்" என்றாள் பெருமாயி, கிளாஸைக் கழுவிக்கொண்டே. "ஆனா நான் வரமாட்டேன் சௌந்திரம். இந்த வண்டிங்க நின்னுதான் எம்புள்ளைங்க மூணு வேளையும் சாப்புடுதுங்க. இங்க நிக்க வெக்காதீங்கன்னு நானே போய் எப்படிச் சொல்லுவேன்?"

அவள் தனியாகவே டவுனுக்குப் போனாள். உத்தரவு போட்ட அலுவலகத்தில் காத்திருந்து அதிகாரியைப் பார்த்தாள். அவர் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"அங்க பாருங்கம்மா, ஏற்காட்டு மலை. போன வருஷம் இந்த நேரத்துக்கு இங்கேருந்து மலையே தெரியாது. பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கு. இருமற புள்ளைங்க குறைஞ்சிருக்குன்னு டீச்சருங்க வந்து சொல்றாங்க. இது தப்புன்னு நீங்க சொல்லுவீங்களா?"

மலை தெளிவாகத்தான் தெரிந்தது.

"தப்பில்லீங்க. எங்க ஊட்டையும் ஊருக்குள்ளன்னு நெனச்சுக்கங்க. அவ்வளவுதானுங்க."

அவர் ஜன்னலை விட்டு வந்து உட்கார்ந்தார். "தடுப்பை எங்க தள்ளி வெச்சாலும் அங்கே ஒரு வீடு இருக்கும்மா" என்றார். "ஒண்ணு செய்யறேன். புகை கக்கற வண்டிங்களைப் பிடிக்க ஆள் அனுப்பறேன். மோசமானதை நிறுத்திட்டா உங்களுக்கும் குறையும்."

அவளுக்கு அதுவே பெரிதாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சொன்னபடியே ஆள் வந்தது. மறுவாரம் ஒரு ஜீப் வந்து சரியாகப் புங்கமரத்துக்கு எதிரில் நின்றது. நிழல் அங்கேதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவரும் இரண்டு சிப்பந்திகளும் ஒரு கருவியை இறக்கினார்கள். சௌந்திரம் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். சென்னிமலை வேடிக்கை பார்க்கக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

சோதனை இப்படி என்று அவளுக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தி, புகைக் குழாயில் கருவியின் ரப்பர்க் குழாயைச் செருகி, டிரைவரை ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் மிதிக்கச் சொன்னார்கள். விடச் சொன்னார்கள். மறுபடி மிதிக்கச் சொன்னார்கள். நாலைந்து தரம். பிறகு அடுத்த வண்டி. காற்று இல்லாத நாள். புகை மரத்தைத் தாண்டிப் போகாமல் கிளைகளுக்கடியிலேயே கூரை போட்டதுபோல் தங்கியது.

"சார், அந்தப் பக்கம் தள்ளி வெச்சு மிதிக்கச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"நீங்க குடுத்த கம்ப்ளெய்ன்ட்தானம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், குறிப்பதை நிறுத்தாமல். கோபமாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்குங்க."

ராசுவின் வண்டி வந்தது. மிதித்தான். மரத்தடியே இருண்டது. இந்த வண்டி இனி பழுது பார்க்காமல் ஓடக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சீட்டு எழுதினார். ராசு, "பம்புல டீசலைக் கொறச்சு வெச்சா மேட்டுல லோடு இழுக்காதுங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது கட்டில் சரியும் சத்தம் கேட்டது.

சென்னிமலை தரையில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அவர் கண் சௌந்திரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. அவள் முதுகைத் தடவினாள். மாத்திரையை எடுக்க உள்ளே ஓடினாள். வெளியே வந்தபோது ராசுவும் இன்னொருவரும் அவரைத் தூக்கி ராசுவின் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பை வண்டிகள் மறித்திருந்தன. வெளியே எடுக்க வழியில்லை. சோதனை முடிந்த வண்டிகள் நகர்ந்துவிட்டதால் ராசுவின் வண்டிக்கு முன்னால் மட்டும் வழி இருந்தது.

தடுப்பில் சென்றாயன் மூங்கிலில் கையை வைத்தபடி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வண்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தார். "விடுய்யா, விடு" என்றார்.

டவுன் ரோடு காலியாக இருந்தது. ராசு ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. சௌந்திரம் புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நான் போய்ச் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

உயிர் தங்கியது. ஆனால் முந்தைய ஆள் இல்லை. பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அவள் வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. ஜேடர்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ராமாயி வீட்டுக்கு நேராகக் கூட்டிப் போனாள். காவிரியைப் பார்த்த வீடு. சுற்றிலும் வாழை, கரும்பு. காற்றுக்குக் குறைவில்லை. வேண்டாமென்று சொல்ல அவருக்கு மூச்சும் இல்லை.

மகளும் மருமகனும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மருமகன் வீட்டில் சென்னிமலை விருந்தாளி போலவே உட்கார்ந்திருந்தார். கேட்டால் பதில் சொல்வார். போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டில் கை கழுவுவார். தனியாக இருக்கும்போது சௌந்திரத்திடம் ஒரே ஒரு தரம், "நம்மூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார். "அங்க போனா நீங்க இருக்கமாட்டீங்க" என்றாள் அவள். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாசியில் ஒரு நாள் அவள் ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்த நேரத்தில் அவர் போய்விட்டார். பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த உடம்போடு பரமத்தி வேலூரில் இறங்கி, நாமக்கல்லில் மாறி, சேலத்தில் மாறி எப்படிப் போனாரென்று யாருக்கும் தெரியவில்லை. ராமாயி அழுதாள். சௌந்திரம் இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பினாள்.

அயோத்தியாப்பட்டணத்தில் அவள் இறங்கி நடந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வரிசை முன்னைவிட நீளமாக இருந்தது. மரத்தடியில் கட்டில் போட்டிருந்தது. அவர் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று டிரைவர்கள். ஒருவர் பேச, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நடுவில் இருமல் வந்தது. டிரைவர் பேச்சை நிறுத்தி, இருமல் முடியும் வரைக்கும் காத்திருந்து, பிறகு தொடர்ந்தார்.

அவளைப் பார்த்ததும் டிரைவர்கள் எழுந்தார்கள். சென்னிமலை அவளையே பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

வழியெல்லாம் சொல்ல நினைத்து வந்தது அவளிடம் நிறைய இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றாகிவிட்டது.

"சாப்புட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பெருமாயி கடையில இட்லி வாங்கியாந்து குடுத்தாங்க."

அவள் பையை வாசற்படியில் வைத்துவிட்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மூங்கில் தூக்கப்பட்டது. வரிசை முழுக்க என்ஜின்கள் உறுமின. புகை தாழ்வாக வந்து அவர்கள்மேல் கவிந்தது. அவள் முந்தானையால் அவர் மூக்கையும் வாயையும் மூடினாள். அவர் அதை மெல்ல விலக்கிவிட்டு, திக்கித் திக்கி, எதிரில் நின்றவரைக் காட்டினார்.

"இவரு... சங்ககிரிக்காரரு. போன மாசம்... பையனுக்குக் கல்யாணம் பண்ணியிருக்காரு."

"அப்படிங்களா" என்றாள் சௌந்திரம். "உக்காருங்க. எந்த ஊர்ப் பொண்ணுங்க?"