லந்து: நாலாவது பொருள்

"வெட்டுன அட்டையத் திருப்பிக் குடுங்க சார்."

கேட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே டைப் அடிக்கும் நாகஜோதி அக்கா சொல்லியிருந்தாள்: "லீவு கேளு, ஃபேன் கேளு. சார் வெட்டுன அட்டைய மட்டும் கேட்டுறாத புள்ள. கேட்டவன் எவனும் இங்க நெலைக்கல."

தல்லாகுளத்தில் ஒரு வீட்டு மாடியில்தான் எங்கள் அகராதி ஆபீஸ். மதுரைப் பக்கம் வாயில் புழங்கும் சொற்களை ஊர் ஊராகப் போய்ச் சேர்க்கிறோம். ஆள் ஒன்றுக்கு ஓர் அட்டை. அவர் சொன்ன வாக்கியம் அப்படியே, அவர் பெயர், ஊர், தேதி. பெயரில்லாத அட்டை செல்லாது. பதிப்பாசிரியர் அருள்பாண்டி சார் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அட்டை பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும்.

அன்று வெட்டுப்பட்டது லந்து. கேலி, வம்பு, பகட்டு என்று முதல் மூன்று பொருளும் தப்பித்துவிட்டன. டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்லூரி வாசலிலும் நானே பிடித்துவந்தவை. நாலாவது இப்படி எழுதியிருந்தேன்: 'எளியவர் ஒன்றைக் கேட்கும்போது, அதைத் திமிர் என்று சொல்லி வாயடைக்கும் சொல்.' அதன் முதல் அட்டையில் வாக்கியம்: "டம்ளரு கேக்குதோ? என்னடி, லந்தா?" சொன்னவர் முருகம்மாள், உசிலம்பட்டி.

முருகம்மாள் என் அம்மா. பத்தொன்பது வயதில் பருத்தி எடுக்கப் போன காட்டில் எங்கள் தெரு ஆட்களுக்கு மட்டும் தண்ணீரைக் கையில் ஊற்றினார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் டம்ளரில் எனக்கும் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அட்டையில் இருக்கும் அந்த வாக்கியத்தைக் காட்டுக்காரர் மகன் சிரித்துக்கொண்டேதான் சொன்னானாம். மறுநாளிலிருந்து தெருவில் ஒருவரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை, மழை விழும்வரை. தெருவே அவளைத்தான் ஏசியது. எங்கள் தெருவில் அந்தச் சொல்லை அதட்டலாக மட்டுமே கேட்டு வளர்ந்தவள் நான்; கல்லூரியில் கூடப் படித்த பிள்ளைகள் 'லந்து பண்ணாதடி' என்று தோளில் தட்டும்போது எனக்கு மட்டும் முதுகு விறைக்கும். அது விளையாட்டுக்கும் சொல்கிற சொல் என்று பழகவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

போன மாசம்தான் அம்மா இதைச் சொன்னாள். "இதெல்லாமா புஸ்தகத்துல வரும்?" என்றாள். வரும்மா என்றேன். எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவள், "எம்பேரு எங்க இருக்கு, காட்டு" என்று அட்டையில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "லந்துன்னா மதுரையோட சிரிப்பும்மா. அதுல போயி இதச் சொருகுனா வாசிக்கிறவன் மொகஞ் சுளிப்பான்."

"நெஜந்தான சார்?"

"நெஜந்தான். ஒருத்தர் வாயில வந்தா வழக்காயிருமா?"

"அந்தப் பக்கம் நாலு ஊருல கேட்டேன். மொத்தம் பதினோரு அட்ட. பதினொன்னையும் வெட்டிட்டீங்க."

அவர் அச்சுப்பிரதியை என் பக்கம் தள்ளினார். "கையெழுத்தப் போடு. நாளைக்கு அச்சுக்குப் போகுது. மொதப் பக்கத்துல ஒம்பேரு, துணைப் பதிப்பாசிரியருன்னு. வேலையும் நிரந்தரம். இந்த வயசுல யாருக்குக் கெடைக்கும்?"

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பேனா மூடியைக் கழற்றியும்விட்டேன்.

"பதினொன்னும் உள்ள வரட்டும் சார். போடுறேன்."

சார் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிடுவார். இப்போதும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "என்னம்மா, எங்கிட்டயே லந்தா?"

நாகஜோதி அக்காவின் டைப் சத்தம் நின்றது. நான் ஒரு வெற்று அட்டையை எடுத்தேன். மூன்று வருஷப் பழக்கம், கை தானாக எழுதியது.

"என்னத்த எழுதுற?"

"அட்ட சார். பன்னெண்டாவது."

"கிழி அத."

"வாக்கியம், பேரு, ஊரு, தேதி எல்லாம் இருக்கு. செல்லும்."

அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "யோசிச்சுக்க. இந்தக் கதவத் தாண்டுனா திரும்ப வர முடியாது."

"யோசிச்சுட்டேன் சார்." டின்னைத் திறந்து என் கையெழுத்தில் இருந்த பதினொன்றையும் எடுத்துப் பன்னிரண்டாவதோடு சேர்த்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

பாதிப் படி இறங்கியதும் மேலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ஏ புள்ள, சோத்து டப்பாவ விட்டுட்டுப் போற!"

"நீங்களே சாப்புடுங்கக்கா. கருவாட்டுக் கொழம்பு."

கடைசிப் படியை மறித்து யாரோ வண்டியை நிறுத்தியிருந்தார்கள். ஹேண்டிலைத் திருப்பி ஓரமாகத் தள்ளிவிட்டு வெயிலில் இறங்கினேன்.