வயல்கள் நேரில் வரவேண்டும்

ஜீப்புக்கு டீசல் நிறுத்தப்பட்டதிலிருந்து எங்கள் வேளாண்மை அலுவலகத்துக்கு வயல்கள்தான் ஆய்வுக்கு நேரில் வருகின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. நான் இரவுக் காவலுக்கு எடுக்கப்பட்ட ஆள். பகல் உதவியாளர் பணியிடத்தை நிதி நெருக்கடியில் ரத்து செய்துவிட்டார்கள். அதனால் டோக்கன் கொடுப்பதும் நானே.

கயிறு எதுவும் வேண்டாம். உழுகிறவர் முன்னால் நடந்தால் வயல் பின்னாலேயே வந்துவிடும். புஞ்சை சீக்கிரம் வரும், புழுதியோடு. நஞ்சைக்கு நேரமாகும். நனைந்த ஜமுக்காளம் மாதிரி ரோடெல்லாம் சொட்டிக்கொண்டு வரும், பின்னாலேயே நாலு கொக்கு. வரப்பில் பனைமரம் இருந்தால் மின்கம்பி வரும் இடங்களில் மட்டும் குனிந்துகொள்ளும். கிணறுகள் வருவதில்லை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். வயல் கிளம்பி வந்த பிறகு அந்த இடத்தில் என்ன இருக்கும்? டோக்கன் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பந்தல் பிரித்த இடம் மாதிரி இருக்கும் என்றார் ஒருவர். பக்கத்து வயல்கள் கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளும் என்றார் இன்னொருவர். முக்கால்வாசிப் பேர் திரும்பியே பார்த்திருக்கவில்லை.

வறட்சி நிவாரணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி. வியாழனன்று பஞ்சவர்ணம் தன் ஒன்றேகால் ஏக்கர் மிளகாய்க் காட்டைக் கூட்டிக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் நடந்து வந்தாள். நிவாரணம் கிடைத்தால் விதை வாங்குவாள். கிடைக்காவிட்டால் காட்டைச் செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்று பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

டோக்கன் முப்பத்தொன்று. முறை வருவதற்குள் காட்டுக்குப் பூ வந்துவிட்டது. டவுன் வாய்க்காலைத் தாண்டும்போது ரெண்டு நிமிஷம் நின்றிருக்கிறது. செடிகளெல்லாம் நிமிர்ந்து, வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நின்றன.

"ஏத்தா, எழவுக்குக் கூட்டியாரச் சொன்னா கல்யாணத்துக்குல்ல கூட்டியாந்திருக்க" என்றார் வரிசையில் நின்ற ஒரு கம்புக்காட்டுக்காரர்.

உதவி வேளாண்மை அலுவலர் எபனேசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வந்தார்.

"இதுல எங்கம்மா வறட்சி?"

"குடிச்சிருச்சு சார். வருசத்துல இன்னைக்குத்தான் தண்ணியப் பாத்துச்சு. வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

"பூத்து நிக்கிறத வறட்சின்னு எழுதுனா என் வேலை போயிரும்."

"வறட்சி ஊர்லதான் சார் கெடக்கு. அது கூட வரல."

எபனேசர் சுற்றறிக்கையை எடுத்து இரண்டு முறை படித்தார். வயலும் வறட்சியும் சேர்ந்தே வரவேண்டும் என்று அதில் இல்லை. நாளை ஒரு மணிக்குள் அதையும் ஆஜர்படுத்தச் சொன்னார். பஞ்சவர்ணம் காட்டை என் பொறுப்பில் விட்டுவிட்டு மூணு மணி பஸ்ஸில் போனாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு வந்து இறங்கினாள். வறட்சியைப் பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் யோசித்தாராம். போன வாரம் வேறொரு வறட்சி உள்ளே ஏறி, ரேடியேட்டர் காய்ந்துவிட்டதாம். கடைசியில் லக்கேஜ் போட்டுக் கூரையில் ஏற்றிவிட்டார்.

வறட்சி அப்படியொன்றும் பெரிதில்லை. இடுப்பளவு உயரம், பழைய சாக்கின் நிறம். என் சந்தேகத்தைக் கேட்டேன். காடு இருந்த இடத்தில் இதுதான் வரப்புக்கு வரப்பு கைகாலை நீட்டிப் படுத்திருந்ததாம். கூப்பிட்டதும் சுருங்கி எழுந்து வந்துவிட்டது என்றாள்.

எபனேசர் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் லேசாக வெடித்தது. கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார், ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. பஞ்சவர்ணம் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு காட்டைப் பார்த்து, "வா, போவோம்" என்றாள்.

வறட்சியும் எழுந்தது. எபனேசர் அதை உட்காரச் சொன்னார். ஆய்வு செய்த பொருள் தணிக்கை முடியும்வரை அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பஞ்சவர்ணம் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அதுக்கு ஒண்ணும் போட வேணாம்ணே" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "தானா எடுத்துக்கும்."

வேளாண்மை அலுவலர் நாற்காலி ரெண்டு வருஷமாகக் காலி. அதில் உட்கார வைத்தோம். மனசு கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன். தொட்ட மாதிரி தெரியவில்லை, காலையில் சொம்பு காய்ந்திருந்தது. முத்திரை மையும் காய்ந்திருந்தது. செவ்வாயிலிருந்து மனு கொண்டுவருகிறவர்கள் நேராக அதனிடமே கொடுக்கிறார்கள். வாங்கி, ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படிக்கிறது. இதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் யாரும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

நேற்றுப் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. எபனேசர் பெயருக்கு மேலே அதன் பெயர் இருந்தது. எபனேசர் எல்லோருக்கும் டீ சொன்னார். அதற்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.