மேல்மாடி அக்காவின் முதல் அடி

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் நான்கு வருஷமாக யார் வீட்டிலும் அலாரம் கிடையாது. மேல்மாடி அக்கா விடிகாலை ஐந்து மணிக்குக் கட்டிலைவிட்டு இறங்கி வலிக்கிற இடது குதிகாலைத் தரையில் ஊன்றுவாள். அந்த வலி தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய், ஒவ்வொரு வீட்டிலும் படுத்திருப்பவர்களின் இடது குதிகாலில் ஒரு குத்துக் குத்திவிட்டு அடுத்த மாடிக்கு இறங்கும். நான்காம் மாடி ரொட்டிக்காரருக்கு அது ஆணி. மூன்றாம் மாடியில் ஊசி, இரண்டாம் மாடியில் முள், முதல் மாடியில் சும்மா ஒரு கிள்ளு. தரைத்தளத்தில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் வந்து சேரும்போது எறும்புக்கடி. அதற்குக் கீழே மண்தான். மண்புழுக்கள் என்ன பாடுபட்டனவோ, யாரும் விசாரிக்கவில்லை. வலி கீழ்நோக்கி மட்டுமே போகும் என்பதால் அக்காவின் பக்கத்திலேயே படுத்திருந்த வீட்டுக்காரருக்கு ஒன்றும் எட்டவில்லை. கட்டடம் முழுக்கப் பல் தேய்க்கிற சத்தத்தில்தான் அவர் கண் விழிப்பார். விழித்ததும் பொழுது விடிந்தால் உனக்கு இதே பாட்டுத்தான் என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. ஒரு நாளைக்கு நூற்றிருபது படுக்கைவிரிப்பு, அறுபது மேலங்கி, பத்து மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்கவேண்டும். கீழே குடியிருந்தவர்களுக்கு அவள் குதிகாலால் ஆன நன்மை கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனதே இல்லை. ரொட்டிக்காரர் ஆறு மணிக்கு அடுப்பைத் திறந்தால் ஊரே வரிசையில் நிற்கும். வாடகை விளம்பரத்தில் செயலாளர், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர், லிஃப்ட், காலையில் எழுப்பும் வசதி என்று எழுதினார். முதல் இரண்டும் பொய். ஒரு தடவை அக்கா தன் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டதில் கட்டடமே வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கியது. அதற்குப் பிறகு வெளியூர் போனால் ஒரு வாரம் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

ஐந்தாம் வருஷம் சலவைக்கூட மேற்பார்வையாளர், இனியும் நொண்டினால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத் தன் வெள்ளை அங்கியை வாங்கவந்த பிசியோதெரபி டாக்டர் பெண், அக்கா கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று இஸ்திரி போடுவதைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு வருஷமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லணுமா என்ன, எல்லாருக்கும் தெரியுமே."

டாக்டர் பெண் துணி மூட்டை மேல் அவளை உட்காரவைத்துக் காலைப் பிடித்துப் பார்த்தாள். குதிகாலிலிருந்து விரல்வரைக்கும் உள்ளங்காலில் ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது, ராத்திரி முழுக்க அது சுருங்கிக் கிடக்கிறது, எழுந்ததும் முழு எடையையும் அதன் மேல் போட்டால் வெடுக்கென்று இழுபட்டுக் கத்துகிறது என்று விளக்கினாள். அதனால் படுக்கையில் இருந்தபடியே முன்பாதத்தில் ஒரு துண்டை மாட்டித் தன் பக்கம் இழுத்து முப்பது எண்ணவேண்டும். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நன்றாக நீட்டவேண்டும். சாயங்காலம் உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் உருட்டவேண்டும். வெறுங்காலோடு தரையில் இறங்கவே கூடாது, மெத்தென்ற செருப்பு வேண்டும். இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு குட்டைப் பலகை போட்டுக் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கவேண்டும். ஒரே வாரத்தில் குணமாகவில்லை என்று விட்டுவிடக்கூடாது, மாசக்கணக்கில் ஆகும் என்றாள். எலும்பு தேய்ந்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று நான்கு வருஷமாக நினைத்திருந்த அக்காவுக்குச் சுருங்கின துணியை நீவிவிடுகிற விஷயம்தான் இது என்று பட்டது. அது அவளுக்குத் தெரிந்த வேலை.

மூன்றாம் வாரம் செயலாளர் தூங்கிப்போனார். நான்காம் வாரம் முதல் மாடியும் இரண்டாம் மாடியும் தூங்கின. ஆறாம் வாரத்தில் ரொட்டிக்காரருக்கே எறும்புக்கடிதான். வலி குறைந்தது போதாதென்று, அக்கா துண்டை இழுத்து முப்பது எண்ணும்போது அவள் காலில் இறங்குகிற சுகமும் கட்டில் கால் வழியாகக் கீழே ஒழுக ஆரம்பித்தது. அரைத்தூக்கத்தில் இருந்தவர்கள்கூட உள்ளங்கால் குளிர்ந்து, வாய் பிளந்து, ஏழரை மணிவரை அடித்துப்போட்ட மாதிரி கிடந்தார்கள். அலாரம் வாங்கி வைத்தார்கள்; அது தன்பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

செயலாளர் மாடிப்படியில் கூட்டம் போட்டார். தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். அக்கா தினமும் காலையில் ஒரே ஒரு அடியைப் பயிற்சி செய்யாமலும் செருப்பில்லாமலும் வைக்கவேண்டும். மீதி நாள் முழுவதும் அவர் நலமாக இருப்பதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. சுருக்கென்று ஒரு கடி, அதில் என்ன குறைந்துவிடும், பொதுநலம் என்று ஒன்று இருக்கிறதில்லையா என்று பேசினார். ஒரு வாரம் பயிற்சியை விட்டால் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் பெண் எச்சரித்திருந்தது அக்காவுக்கு நினைவுக்கு வந்தது. பழையபடி ஆனால் வேலை போய்விடும் என்பதும் தெரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தாள்.

"வைக்கிறேன் சார்," என்றாள். "ஆனா உங்களுக்கு வந்ததெல்லாம் நாலு வீடு சாப்பிட்டது போக மிச்சம். ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு நாள் நாலாம் மாடியில வந்து படுங்க. அப்புறமும் வேணும்னா, நான் சாகறவரைக்கும் வைக்கிறேன்."

அந்த ஒரு ராத்திரிக்கு ரொட்டிக்காரர் சந்தோஷமாகத் தன் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுச் செயலாளரின் கட்டிலுக்கு மாறிக்கொண்டார். அக்கா ஒரு வாரம் துண்டைத் தொடவில்லை, பாட்டிலை உருட்டவில்லை. வெறுங்காலோடு நடந்தாள், பலகையில்லாமல் நின்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு இஸ்திரி போட்டாள். எட்டாம் நாள் காலை ஐந்து மணிக்கு இறங்கி முழு எடையையும் போட்டு ஊன்றினாள். நான்காம் மாடியிலிருந்து வந்த சத்தம் தரைத்தளம்வரை கேட்டது. இரண்டு தெரு தள்ளி நாய்கள் எழுந்தன. நான்கு வருஷமாக ஆணி வாங்கிப் பழகின ரொட்டிக்காரர் மட்டும் எறும்புக்கடியைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்துச் செயலாளர் மேலே ஏறிவந்தார், படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, இடது காலைத் தூக்கிப்பிடித்தபடி. அவர் முகம் வெளுத்த துணி மாதிரி இருந்தது.

"இதை வச்சுக்கிட்டா நாள் பூரா நின்னீங்க?"

"இது நாலாம் மாடி வலி சார்," என்றாள் அக்கா. "நான் இருக்கிறது அஞ்சாம் மாடி."

செயலாளர் தீர்மானத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நான்காக மடித்து, அவள் வீட்டு வாசலிலேயே கிழித்துப்போட்டார். தன் வீட்டுக்கு இறங்கிப்போக அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா அன்றைக்கே மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள். குணமாக ஐந்து மாசம் பிடித்தது. மேற்பார்வையாளர் வேறு ஆள் பார்க்கவில்லை. போகப்போகத் தனக்கும் ஒரு குட்டைப் பலகை போட்டுக்கொண்டார்.

இப்போது அந்தக் கட்டடத்தில் தூக்கம் வராதவர்கள் குடிவர வரிசையில் நிற்கிறார்கள். அக்கா துண்டை இழுக்கிற சுகம் முதலில் இறங்குகிற நான்காம் மாடிக்கு வாடகை மற்ற மாடிகளைப்போல இரண்டு மடங்கு. ஊரில் ரொட்டி எட்டு மணிக்குத்தான் கிடைக்கிறது, ஊரும் எட்டரைக்குப் பசிக்கப் பழகிவிட்டது. அலுவலகங்களில் தாமதத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை, விலாசத்தை எழுதினால் போதும். அக்கா மட்டும் ஐந்தரைக்குக் குளித்துத் தலைவாரி, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் கேட்கிற குறட்டையைக் கடந்து, இரண்டு குதிகாலையும் நன்றாக ஊன்றிப் படியிறங்கி வேலைக்குப் போகிறாள்.