நிழல் சட்டம் நீக்கப்பட்ட வரலாறு

அந்த ஊரில் நிழலை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். தவறினால் தொண்ணூறாம் நாள் இரண்டு ஊழியர்கள் வந்து, அதைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டி, துறைக் கிடங்குக்கு எடுத்துப் போய்விடுவார்கள். இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. ஊரே வாயைப் பிளந்தது வேறொரு செய்திக்கு: நிழல் சட்டத்தையே மாற்றப் போகிறார்களாம். எண்பத்தேழு பிரிவுகள் கொண்ட சட்டம் அது. யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்பது துறைக்கே மறந்துபோயிருந்தது. மாற்றும் பொறுப்பு துணைச் செயலாளர் தலையில் விழுந்தது. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும் கறாரான பெண்மணி. காற்புள்ளி அம்மா என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது, உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

பொறுப்பேற்ற அதே வாரம்தான் வினை வந்து சேர்ந்தது. அவர் கணவர் கடைத்தெருவில் தையல்காரர். "உங்க ஆபீஸ்தானேம்மா, போற வழியில குடுத்துடு" என்று தன் நிழலின் புதுப்பிப்பு விண்ணப்பத்தை மனைவியிடம் கொடுத்தார். அது கைப்பையில், சீர்திருத்தக் குறிப்புகளுக்கு அடியில், மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கியது. தொண்ணூறாம் நாள் காலை, அவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது ஊழியர்கள் வந்தார்கள். "கொஞ்சம் காலைத் தூக்குங்க சார்" என்றார்கள். தூக்கினார். சுருட்டி எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மீட்கலாம், வழி இல்லாமல் இல்லை. ஏழு வருடத்துக்குள், உரியவர் தம் நிழலுடன் நேரில் வந்து, வெள்ளைச் சுவர் முன் நின்று அடையாளம் காட்ட வேண்டும் என்றது பிரிவு நாற்பது. நிழல் கையில் இருந்தால் அந்த மனுஷன் ஏன் வரப் போகிறான் என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு முன்பே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் படிவம் பதினொன்று வழங்கப்பட்டது. ஏழு வருடம் தாண்டினால் நிழல் அரசுக்குச் சொந்தம். ஆளின் கதி என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை, மருத்துவர் சொன்னார். நிழல் இல்லாத உடம்பில் வெயில் தங்காது, ஊடுருவிக்கொண்டு போகும், வருடம் ஏழு முடிந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது சிரமம் என்று சீட்டில் எழுதி, சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

"என்னாலதானேங்க" என்று காற்புள்ளி அம்மா அழுதார்.

"விடும்மா. வேணும்னா செஞ்ச?" என்றார் தையல்காரர். அவர் நாலு திட்டு திட்டியிருந்தால் அந்த அம்மாவுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அன்றிலிருந்து சட்டத்தை ஒழிப்பது என்பது அவருக்கு உத்தியோகம் இல்லை, புருஷனை மிச்சம் பிடிக்கும் வேலை. நான்கே பக்கத்தில் மசோதா எழுதினார். துறையின் வழக்கப்படி அது பதினான்கு பிரிவு அலுவலகங்களுக்குக் கருத்துக்குப் போனது. எதையும் அடிக்கக் கூடாது, சேர்க்கலாம் என்பது அங்கே எழுதாத விதி. மரங்களின் நிழலை என்ன செய்வது என்று ஒருவர் சேர்த்தார். பறக்கும் பறவையின் நிழல் எந்த வட்டத்தில் அடங்கும் என்று இன்னொருவர் சேர்த்தார். மாடிப்படிப் பராமரிப்பு அலுவலகம் தனக்குக் கருத்து இல்லை என்பதை ஒன்பது பக்கத்தில் எழுதியது. திரும்பி வந்தபோது மசோதா இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்; தள்ளுவண்டியில் வந்தது. இரண்டு வருடம் உட்கார்ந்து வெட்டி, மறுபடி நான்கு பக்கமாக்கினார். அமைச்சர் மாறினார். புது அமைச்சர் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அவரும் மாறினார். வீட்டில் தையல்காரர் முதலில் வெளுத்தார், பிறகு மெலிசானார். ஆறாம் வருடம் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது, அவர் மார்புக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. "நல்லதாப் போச்சு, நீ எட்டிப் பாக்க வேணாம்" என்று சிரித்தார் மனுஷன். அவருக்குச் சோறு இறங்கியது, அந்த அம்மாவுக்கு இறங்கவில்லை.

ஏழு வருடம் முடிய ஒரே நாள் இருக்கும்போது, சாப்பாட்டு இடைவேளைக்கு இரண்டு நிமிடம் முன்னால், பசி மும்முரத்தில் சபை மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. மறுநாள் காலை, மை காயாத அரசிதழை எடுத்துக்கொண்டு, கணவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, காற்புள்ளி அம்மா கிடங்குக்கு ஓடினார். கிடங்குக் காப்பாளர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அரசிதழை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"மேடம், இனிமே யாரும் புதுப்பிக்க வேணாம்னு போட்டிருக்கீங்க. ரொம்ப நல்ல விஷயம். ஆனா பிரிவு ஒன்பதுல, பழைய சட்டப்படி எடுத்த நடவடிக்கை எல்லாம் எடுத்தபடியே செல்லும்னு இருக்கே? அப்போ எடுத்த நிழல் எடுத்ததுதான். மீட்கிற பிரிவு நாற்பதும் இப்ப இல்ல."

அம்மா பிடுங்கிப் படித்தார். யாரும் சேர்த்தது அல்ல, அவரே எழுதியது. அந்தத் துறையில் எந்த மசோதாவும் அந்த வரி இல்லாமல் முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கற்றுக்கொடுத்த வரி, இருபத்து நான்கு வருடமாகக் கை தானாக எழுதும் வரி. காற்புள்ளி ஒன்றுகூடப் பிசகாமல் இருந்தது. அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, பதவியெல்லாம் மறந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். காப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் நல்லவர்தான், ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்.

"எழுந்திரும்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார் தையல்காரர். குரல் இருந்தது, ஆள் இருக்கும் இடத்தைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாலை வரை அந்த அம்மா வாசற்படியிலேயே கிடந்தார். ஐந்தரை மணிக்கு வெயில் சாய்ந்தது. அவருடைய நிழல் தெருவில் பத்தடி, பன்னிரண்டடி என்று நீண்டுகொண்டே போனது. தையல்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொழில்காரன் பார்வை வேறு அல்லவா! உள்ளே போய் நாடாவையும் பெரிய கத்தரிக்கோலையும் எடுத்துவந்தார்.

"கொஞ்சம் எழுந்து நில்லு. தாராளமா ரெண்டு பேருக்கு வரும்."

"என்னங்க செய்யப் போறீங்க?"

"ஆடாம நில்லும்மா. அளவு தப்பிடும்."

நிழலை வெட்டுவது முன்பு கடுங்காவல் குற்றம். அதைச் சொன்ன பிரிவு பழைய சட்டத்தோடு முந்தைய நாளே போயிருந்தது. சுண்ணாம்புக்கட்டியால் இடுப்பில் கோடு போட்டு, ஒரே வெட்டாக வெட்டினார். மேல்பாதியைத் தன் காலடியில் வைத்து, பொடித் தையலாகச் சுற்றிலும் தைத்து, நூலைப் பல்லால் கடித்தார். ஒரு வாரத்தில் முகத்தில் நிறம் வந்தது. இரண்டாம் வாரம் கடைக்குப் போனார். அவர் நிழலுக்குக் கொண்டையும் காதில் தோடும் இருந்தன. கடைத்தெருவில் முதல் இரண்டு நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

காற்புள்ளி அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உள்ளது மட்டும் மிஞ்சியது. தலையில்லாத நிழலோடுதான் அவர் தினமும் அலுவலகம் போய்வந்தார். துறையில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அடுத்த வருடமே செயலாளர் ஆக்கினார்கள்.